கலப்புப் பின்னமும் கூலிக் கணக்கும்

(வெள்ளி விழாவின் இரண்டாம் நாள், கல்வி அரங்கில் ஆற்றிய உரை)

 

காலையில் பேசிய அறிஞர் பெருமக்கள் அண்ணல் அம்பேத்கரின் கல்விச் சிந்தனையைப் பற்றியும், ஒடுக்கப்பட்டோர் கல்வி பெற நடத்திய போராட்டங்களைப் பற்றியும் விரிவாக எடுத்துரைத்தனர். அத்தகைய பெரும்பொருள்களைக் கேட்ட செவிகளுக்கு நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் மிகச் சிறியதாகத் தோன்றலாம். பள்ளிக் கணக்கு நூலில் ஓரிரண்டு பக்கங்களுக்கு மேல் அதற்கு இடமில்லை. கலப்புப் பின்னங்களைப் பெருக்குவது எப்படி என்பதே அப்பொருள். தலைப்பைக் கேட்டதும் செயலாளர் அவர்கள், “ஐயா, விழா மேடையில் கணக்கா?” என்று சற்றுத் தயங்கினார். ஏன் என்பதைக் கூட்டத்தில் சொல்கிறேன் என்று கூறி அவர் வாயை அடைத்துவிட்டேன்.

நான் கணக்கில் பட்டம் பெற்றவன் அல்லன். வரலாறு படித்து இளங்கலைப் பட்டமும், பின்னர் பி.எட். பட்டமும் பெற்றவன். நான் முதன்முதலில் பணியேற்ற பள்ளியில் கணக்காசிரியர் இடம் நெடுநாள் காலியாகவே இருந்தது. “நீர் இளைஞர், எடுத்துக்கொள்ளும்” என்று அன்றைய தலைமையாசிரியர் ஆறாம் வகுப்புக் கணக்கை என் தலையில் ஏற்றிவிட்டார். அந்தச் சுமையை நான் இன்றுவரை இறக்கி வைக்கவில்லை. தலைமையாசிரியர் ஆன பின்பும் அந்த ஒரு பாடத்தை மட்டும் பிறரிடம் விட எனக்கு மனம் வருவதில்லை.

ஒவ்வோர் ஆண்டும் பின்னப் பாடம் தொடங்கும் நாளன்று கரும்பலகையில் ஒரே ஒரு கணக்கை எழுதிவிட்டு, ஒன்றும் விளக்காமல் நாற்காலியில் அமர்ந்துகொள்வேன். இரண்டரையை மூன்றரையால் பெருக்குக. அதாவது 2½ × 3½. பிள்ளைகள் பலகையைப் பார்ப்பார்கள், விரலை மடக்குவார்கள். இரண்டு மூன்று ஆறு. அரைக்கு அரை கால். ஆகவே ஆறேகால் என்று எழுதிக்கொண்டு வந்து நீட்டுவார்கள். வகுப்பில் பாதிக்கு மேற்பட்டோர் இந்த விடையையே எழுதுவர். இவர்கள் அறிவில்லாத பிள்ளைகள் அல்லர். இரண்டையும் மூன்றையும் பிழையின்றிப் பெருக்கியிருக்கிறார்கள். அரைக்கு அரை கால் என்பதையும் சரியாக அறிந்திருக்கிறார்கள். செய்த இரண்டு வேலைகளும் சரி. விடை மட்டும் தவறு. இதுதான் இக்கணக்கில் உள்ள பொறி. ஒவ்வொரு படியும் சரியாக இருப்பதால் செய்தவருக்கும் ஐயம் எழுவதில்லை, பார்ப்பவருக்கும் எழுவதில்லை.

இந்தப் பொறியில் நானும் ஒருமுறை விழுந்தேன். அதைச் சொல்லவே இன்று வந்தேன் எனலாம்.

1980-ஆம் ஆண்டுக் கோடை. எனக்குப் பத்து வயது. ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தேன். எங்கள் ஊர் ஏரியில் தூர் வாரும் வேலை நடந்தது. என் தந்தையார் மண் வெட்டினார். தாயார் கூடையில் சுமந்து கரையில் கொட்டினார். தெருவே அங்குதான் இருந்தது. மெட்ரிக் அளவை வந்து ஆண்டுகள் பல ஆகியும் எங்கள் ஏரியில் அடிக்கணக்கே வழங்கியது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு குழி. வெட்டிய குழியின் நீளத்தையும் அகலத்தையும் நாடாவால் அளப்பார்கள். ஆழம் அளப்பதற்காக நடுவில் வெட்டாமல் விட்டிருக்கும் மண் திட்டின் உயரத்தைப் பார்ப்பார்கள். மூன்றையும் பெருக்கி, இத்தனை கன அடி என்று கணக்குப்பிள்ளை நோட்டில் எழுதுவார். நூறு கன அடிக்கு இவ்வளவு என்று கூலி.

அன்று எங்கள் குழி பன்னிரண்டரை அடி நீளம், எட்டரை அடி அகலம், சரியாக ஓரடி ஆழம். கணக்குப்பிள்ளை வாய்விட்டே சொல்லிக்கொண்டு எழுதினார்: “பன்னிரண்டு எட்டு தொண்ணூற்றாறு. அரைக்கு அரை கால். தொண்ணூற்றாறேகால்.” என் தந்தையாருக்கு எழுத்து தெரியாது. ஆனால் தாம் வெட்டிய மண்ணின் அளவு அவருடைய தோளுக்குத் தெரியும். அவர் முகம் சுருங்கிற்று. எதிர்த்துக் கேட்கும் வழக்கம் அங்கே இல்லை. சற்றுத் தள்ளி நின்றிருந்த என்னைக் கூப்பிட்டு, “கண்ணு, நீ படிச்சவன். ஐயா சொல்றது சரியான்னு போட்டுப் பாரு” என்றார்.

நான் குச்சியை எடுத்து ஈரமண்ணில் எழுதினேன். பன்னிரண்டை எட்டால் பெருக்கினேன். அரையை அரையால் பெருக்கினேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கும் பெருமை தாங்கவில்லை. “சரிதான் நைனா, தொண்ணூற்றாறேகால்தான்” என்றேன். கணக்குப்பிள்ளை என் தலையைத் தட்டிக்கொடுத்தார். தந்தையார் கட்டைவிரல் ரேகை வைத்தார். அந்தக் கோடை முழுவதும் எங்கள் தெருவில் எவருக்கு ஐயம் வந்தாலும் என்னையே கூப்பிட்டார்கள். எல்லாருக்கும் நான் சரி என்றே சொன்னேன். கணக்குப்பிள்ளை அறிந்து செய்தாரா, அறியாமல் செய்தாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அறியாமல் செய்ததாகவே வைத்துக்கொள்கிறேன். நானும் அறியாமல்தானே செய்தேன்.

இப்பொழுது அந்தக் குழிக்குள் இறங்கிப் பார்ப்போம். பன்னிரண்டரை அடி நீளத்தில், பன்னிரண்டாவது அடி முடியும் இடத்தில் குறுக்கே ஒரு கயிறு கட்டுங்கள். எட்டரை அடி அகலத்தில், எட்டாவது அடி முடியும் இடத்தில் நெடுக ஒரு கயிறு கட்டுங்கள். குழி நான்கு துண்டாகப் பிரிகிறது. பெரிய துண்டு பன்னிரண்டுக்கு எட்டு. அது 96 கன அடி. மூலையில் இருக்கும் சின்னஞ்சிறு துண்டு அரைக்கு அரை. அது கால் கன அடி. இவ்விரண்டைத்தான் கணக்குப்பிள்ளையும் நானும் எண்ணினோம். மற்ற இரண்டு துண்டுகள் எங்கே? பன்னிரண்டு அடி நீளமும் அரை அடி அகலமும் உள்ள ஒரு பட்டை. அது 6 கன அடி. எட்டடி நீளமும் அரை அடி அகலமும் உள்ள இன்னொரு பட்டை. அது 4 கன அடி. ஆக 10 கன அடி மண் கணக்கில் ஏறவே இல்லை. உண்மையான அளவு 106¼ கன அடி.

பத்து கன அடி என்றால் எவ்வளவு என்பது மேடையில் இருப்பவர்களைவிட எதிரே அமர்ந்திருக்கும் தாய்மார்களுக்கு நன்கு தெரியும். ஒரு கன அடி ஈர மண் ஏறக்குறைய 45 கிலோ இருக்கும். பத்து கன அடிக்கு 450 கிலோ. கூடைக்குப் பதினெட்டு கிலோ என்று வைத்தால் 25 கூடை. என் தாயார் இருபத்தைந்து முறை கரையேறி இறங்கியது எந்த நோட்டிலும் இல்லை. வேறு விதமாகவும் சொல்லலாம். 106¼-ஐப் பத்தால் வகுத்தால் 10⅝ வரும். அதாவது ஏறத்தாழப் பத்தரை நாளைக்கு ஒரு நாள் கூலியில்லாமல் உழைத்தார்கள்.

ஆழத்திலும் பின்னம் வந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். அதே குழி ஒன்றரை அடி ஆழம் என்று கொள்வோம். மூன்று புறமும் பிரித்தால் எட்டுத் துண்டுகள் வரும். முழுவுக்கு முழு, பின்னத்துக்குப் பின்னம் என்ற வழியில் போனால் அவற்றில் இரண்டைத்தான் எண்ணுவோம், ஆறு விடுபடும். சரியான விடை 159⅜ கன அடி. தவறான வழியில் கிடைப்பது 96⅛. அறுபத்து மூன்றேகால் கன அடி மறைந்துபோகும்.

சரி, நான்கு துண்டுகளையும் தனித்தனியே பெருக்கிக் கூட்டத்தான் வேண்டுமா? வேண்டியதில்லை. அதற்கே பாடநூல் ஒரு சுருக்கு வழியைத் தருகிறது. கலப்புப் பின்னத்தைத் தகா பின்னமாக மாற்று. தொகுதியைத் தொகுதியாலும் பகுதியைப் பகுதியாலும் பெருக்கு. வந்ததை மீண்டும் கலப்புப் பின்னமாக்கு. இவ்விதியைப் பிள்ளைகள் கிளிப்பிள்ளை போல் ஒப்பிப்பார்கள். ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்டால் விழிப்பார்கள். காரணம் இதுதான். இரண்டரை என்பது முழுவும் பாதியும் கலந்து கிடக்கும் ஒரு குவியல். குவியலைக் குவியலால் பெருக்கும்போதுதான் துண்டுகள் நழுவுகின்றன. எல்லாவற்றையும் ஒரே வகைத் துண்டாக உடைத்துவிட்டால் நழுவுவதற்கு இடமில்லை. இரண்டரையில் எத்தனை அரை? ஐந்து அரை. மூன்றரையில் எத்தனை அரை? ஏழு அரை. ஐந்தை ஏழால் பெருக்கினால் முப்பத்தைந்து. அரைக்கு அரை கால் என்பது நாம் அறிந்ததே. ஆகவே விடை முப்பத்தைந்து கால். நான்கு கால் ஒரு முழு. முப்பத்திரண்டு கால் எட்டு முழு. மீதி மூன்று கால். எட்டேமுக்கால். எங்கள் குழியும் அப்படியே: இருபத்தைந்து அரையும் பதினேழு அரையும் பெருக்க, 425 கால், நூற்றாறேகால்.

பகுதி எண்கள் வெவ்வேறாக இருந்தாலும் முறை மாறாது. 3¾ × 1⅗ என்று ஒரு கணக்கு. முதலாவது 15/4, இரண்டாவது 8/5. மேலே உள்ள பதினைந்தும் கீழே உள்ள ஐந்தும் ஐந்தால் வகுபடும். மேலே உள்ள எட்டும் கீழே உள்ள நான்கும் நான்கால் வகுபடும். சுருக்கினால் மூன்றும் இரண்டுமே மிஞ்சும். விடை ஆறு, பின்னமே இல்லை. சுருக்குவதைத் தகா பின்னமாக மாற்றிய பிறகே செய்ய வேண்டும். கலப்புப் பின்னமாக இருக்கும்போதே அதன் பின்னப் பகுதிகளை மட்டும் ஒன்றோடொன்று அடித்துவிடும் பிள்ளைகள் உண்டு. அங்கே முழு எண் அனாதையாக நிற்கும்.

இன்னொரு குழப்பத்தையும் ஆசிரியர்கள் பொருட்டுச் சொல்லிவிடுகிறேன். இயற்கணிதத்தில் ஓர் எண்ணையும் ஓர் எழுத்தையும் அடுத்தடுத்து எழுதினால் நடுவே பெருக்கல் குறி மறைந்திருப்பதாகப் பொருள். இரண்டரையை எண்ணில் எழுதும்போதோ, இரண்டுக்கும் அரைக்கும் நடுவே மறைந்திருப்பது கூட்டல் குறி. இதை நாம் பிள்ளைகளிடம் சொல்வதே இல்லை. சொல்லாமல் விட்டுவிட்டு, பிள்ளைக்குப் புரியவில்லை என்கிறோம்.

தமிழில் பின்னங்களின் பெயரைக் கேட்டாலே பாதிப் பாடம் விளங்கும் என்பது என் எண்ணம். எட்டில் ஒன்றுக்கு அரைக்கால் என்று பெயர். காலில் அரை, அதாவது அரையையும் காலையும் பெருக்கினால் வருவது. பெருக்கல் பெயரிலேயே இருக்கிறது. இருபதில் ஒன்று மா. எண்பதில் ஒன்று காணி. இரண்டையும் கூட்டினால் எண்பதில் ஐந்து, அதாவது பதினாறில் ஒன்று. அதன் பெயர் மாகாணி. இங்கே கூட்டல் பெயரிலேயே இருக்கிறது. முந்நூற்றிருபதில் ஒன்றான முந்திரி வரைக்கும், அதற்குக் கீழும் பெயர் வைத்திருந்தார்கள். திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியை மணலில் எழுதி, உரக்கச் சொல்லி, மனப்பாடம் செய்வித்தார்கள். நிலத்தின் குழிக்கணக்குப் போடுவதற்கென்றே குழிமாற்று என்று ஒரு வாய்பாடு இருந்தது.

அந்தத் திண்ணைகளில் நம் முன்னோர் ஏற முடியவில்லை. நடவும் அறுப்பும் நம்முடையவை. களத்தில் நெல்லை மரக்காலால் அளந்து போட்ட கையும் பல இடங்களில் நம்முடையதே. அரையும் காலும் நம் கைக்குத் தெரியும். ஆனால் நிலத்தின் கணக்கும், விளைச்சலின் கணக்கும், நமக்கு வரவேண்டிய கூலியின் கணக்கும் வேறொருவருடைய ஓலையில் இருந்தன. 1894-இல் கர்னல் ஆல்காட் சென்னை அடையாற்றில் நம் பிள்ளைகளுக்கென்று இலவசப் பள்ளி தொடங்கியதை வரலாற்று மாணவன் என்ற முறையில் நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு. அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் தொடங்கிய இதழின் பெயர் ‘ஒரு பைசாத் தமிழன்’. அன்றைய பைசா இன்றைய பைசா அன்று. ரூபாய்க்குப் பதினாறு அணா. அணாவுக்கு நான்கு பைசா. ஆக ஒரு பைசா ரூபாயில் அறுபத்து நான்கில் ஒன்று. ரூபாயின் காலில் காலை எடுத்து, அதிலும் காலை எடுத்தால் வருவது. இதழின் பெயரிலேயே ஒரு பின்னப் பெருக்கல் இருக்கிறது. 1957 ஏப்ரல் முதல் நாள் தசம நாணயம் வந்தபின் அந்தக் கணக்கு நாணயத்தை விட்டு நீங்கிற்று. நம் பேச்சை விட்டு மட்டும் இன்னும் நீங்கவில்லை.

இரவுப் பாடசாலையில் நான் சில காலம் பெரியவர்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். எழுதத் தெரியாதவர்களுக்குத் தகா பின்னம் என்று தொடங்கினால் ஓடிவிடுவார்கள். ஆகையால் இருபுறமும் அரை வரும் கணக்குக்கு வாய்க்கணக்காக ஒரு வழி சொன்னேன். முழு எண்கள் இரண்டையும் பெருக்கு. அதே இரண்டையும் கூட்டிப் பாதியாக்கு, அதைச் சேர். கடைசியில் ஒரு கால் சேர். பன்னிரண்டரைக்கு எட்டரை: பெருக்கினால் 96, கூட்டினால் 20, பாதி 10, ஒரு கால், ஆக 106¼. அந்த நடுவிலுள்ள பத்துதான் குழியில் விடுபட்ட இரண்டு பட்டைகளும் சேர்ந்த அளவு. இருபுறமும் அரை இருந்தால் மட்டுமே இவ்வழி பொருந்தும் என்பதை நூறு முறை சொன்னேன். நூற்றோராவது முறை ஒருவர் முக்காலுக்குப் போட்டுக்கொண்டு வந்தார். அது இருக்கட்டும்.

எந்தப் பின்னமானாலும் பிழையைக் கண்டுபிடிக்க ஓர் எளிய சோதனை உண்டு. பன்னிரண்டரைக்கு எட்டரை என்றால், விடை பன்னிரண்டு எட்டு தொண்ணூற்றாறுக்கு மேலும், பதின்மூன்று ஒன்பது நூற்றுப் பதினேழுக்குக் கீழும் இருக்க வேண்டும். இருபுறமும் அரை ஆதலால் ஏறத்தாழ நடுவில் இருக்க வேண்டும். தொண்ணூற்றாறேகால் என்னும் விடை தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. பத்து வயதில் இந்தச் சோதனையை எனக்கு யாராவது சொல்லியிருந்தால் குச்சியைக் கீழே போட்டுவிட்டு மறுபடி யோசித்திருப்பேன்.

கணக்கு நமக்கு இழைக்கப்படும் அநீதியைக் காட்டுவதற்கு மட்டும் பயன்படுவது என்று நினைத்துவிடக் கூடாது. அநீதி இல்லாத இடத்தில் இல்லை என்றும் அது காட்டும். சில ஆண்டுகளுக்கு முன் பெற்றோர் ஒருவர் கையில் மனுவோடு பள்ளிக்கு வந்தார். “சார், பட்டாவுல மூணு சென்ட்டுன்னு போட்டிருக்கு. அளந்து பார்த்தா மனை குறையுது. தாசில்தாருக்கு எழுதி எடுத்துட்டு வந்திருக்கேன், ஒரு தடவை படிச்சுப் பாருங்க” என்றார். மனை நாற்பதரை அடிக்கு முப்பத்திரண்டரை அடி. அவர் மகன் பெருக்கி 1280¼ சதுர அடி என்று எழுதிக்கொடுத்திருந்தான். ஒரு சென்ட் என்பது 435⅗ சதுர அடி. முழு எண்ணால் பெருக்கும்போது தகா பின்னமாக மாற்றும் தொல்லைகூட இல்லை: மூன்று சென்ட்டுக்கு 1305-உம், மூன்று முறை ஐந்தில் மூன்று சேர்ந்த 1⅘-உம் கூட்டி 1306⅘. அந்தக் கணக்குப்படி மனை இருபத்தாறரைச் சதுர அடிக்குச் சற்று அதிகமாகவே குறைகிறது. பக்கத்து வீட்டுக்காரர்தான் வேலியை நகர்த்திவிட்டார் என்று அவர் முடிவே கட்டியிருந்தார். இரண்டு வீட்டுக்கும் ஒரு மாதமாகப் பேச்சு இல்லை. நான் வாய்க்கணக்காகவே சொன்னேன்: 1280, நாற்பதும் முப்பத்திரண்டும் எழுபத்திரண்டு, பாதி 36, ஒரு கால், மொத்தம் 1316¼. மூன்று சென்ட்டுக்கு மேலேயே ஒன்பது சதுர அடிக்கு அதிகமாக இருக்கிறது. அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. மனுவை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். மனு எழுதியவருக்குக் கொடுத்த ஐம்பது ரூபாய் மட்டும் திரும்பவில்லை.

இந்தக் காலத்தில் பின்னம் எதற்கு, கைப்பேசியில் தட்டினால் விடை வருகிறதே என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். 12.5 × 8.5 என்று தட்டினால் 106.25 என்று சரியாகவே வரும், நான் மறுக்கவில்லை. ஆனால் எதைத் தட்டுவது என்பதைக் கைப்பேசி சொல்லாது. கொத்தனாரும் தச்சரும் இன்னும் அடியும் அங்குலமுமாகவே அளக்கிறார்கள். பன்னிரண்டு அடி பத்து அங்குலத்தை 12.10 என்று தட்டுகிற பட்டதாரியை நான் பார்த்திருக்கிறேன். பன்னிரண்டு அங்குலம் ஓரடி ஆதலால் அது பன்னிரண்டேயாறில் ஐந்து, அதாவது 12⅚ அடி. அகலம் ஒன்பதடி என்றால் சரியான பரப்பு 115½ சதுர அடி. தட்டியவருக்குக் கிடைத்தது 108.9. கருவி பிழை செய்யவில்லை. பின்னத்தைத் தசமம் என்று நினைத்ததுதான் பிழை.

மீண்டும் ஏரிக்கரைக்கு வருகிறேன். அந்தக் கோடைக்குப் பிறகு நான் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தேன். அங்கே ஆசிரியர் ஒருவர் கரும்பலகையில் ஒரு செவ்வகம் வரைந்து, குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடு இழுத்து, நான்கு கட்டத்துக்கும் நான்கு வண்ணச் சுண்ணக்கட்டியால் நிறம் தீட்டினார். மற்ற பிள்ளைகள் கோட்டைப் பார்த்தார்கள். எனக்கு அங்கே குழி தெரிந்தது. மணி அடித்தும் நான் எழுந்திருக்கவில்லை. பலகையில் மஞ்சளும் பச்சையுமாக இருந்த அந்த இரண்டு பட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று இரவு வீட்டில் என் தந்தையாரிடம் சொன்னேன். ஏரியில் நான் சொன்ன கணக்குத் தப்பு, குழிக்குப் பத்து கன அடி விட்டுப்போயிற்று என்றேன். அடிப்பார் என்று நினைத்தேன், அடிக்கவில்லை. கணக்குப்பிள்ளையைத் திட்டவும் இல்லை. வாசலில் சட்டி கழுவிக்கொண்டிருந்த தாயாரைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு என்னிடம், “அப்ப ஒங்கம்மா சொமந்த மண்ணு எங்கடா போச்சு?” என்று கேட்டார். நான் விடை சொல்லவில்லை. தெருவில் மற்றவர்களிடம் சொல்லும் துணிவு எனக்கு வரவே இல்லை. இந்த மேடையில் சொல்வதே முதன்முறை. அன்று என்னைக் கூப்பிட்டுக் கணக்குக் கேட்டவர்களில் இருவர் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். அவர்கள் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இறுதியாக, இரவுப் பாடசாலை மாணவர்களுக்கு ஒரு வேலை. கழகம் கட்டியிருக்கும் புதிய வகுப்பறைக்கு இன்னும் தளம் போடவில்லை. அதை நான் நேற்று நாடாவால் அளந்தேன். நீளம் பதினெட்டு அடி ஒன்பது அங்குலம். அகலம் பன்னிரண்டு அடி ஆறு அங்குலம். சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசியிருக்கிறார்கள். பரப்பு எவ்வளவு என்று நீங்கள்தாம் போட வேண்டும். விடையை நான் சொல்லப் போவதில்லை. 216⅜ என்று எழுதிக்கொண்டு வருபவர்கள் இரண்டு கயிறு கட்டி மீண்டும் பார்க்க வேண்டும். இம்முறை கூலி கொடுப்பவர்கள் நாம். அந்த விடையைச் செயலாளர் நோட்டில் எழுதிவிட்டால் பதினெட்டுச் சதுர அடிக்குக் கொத்தனாருக்குக் கூலி போய்ச் சேராது. தளம் போடப் போகும் கொத்தனார் அதோ மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். எங்கள் குழிக்கு அடுத்த குழியை வெட்டியவரின் மகன் அவர்.

நாளைக் காலை ஏழு மணிக்கு வகுப்பறை வாசலில் நிற்பேன். நாடா என்னிடம் இருக்கிறது. நோட்டும் பென்சிலும் நீங்கள் கொண்டுவாருங்கள்.